தம்பியின் 30 சதவீதம்: மேலே கேட்க எந்த வழி?

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில் தம்பிக்குத் தடிமனான ஓர் உறை வந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, எல்லோரும் சொல்கிறபடி சொன்னால் விஏ, அனுப்பிய தீர்ப்புக் கடிதம். ராணுவச் சேவையால் வந்த பாதிப்பு எவ்வளவு என்று விஏ போடும் மதிப்பெண் அதில் இருந்தது, மாதாமாதம் வரும் பணம் அதைப் பொறுத்தது. பிடிஎஸ்டி-க்கு (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) 30 சதவீதம், காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்கு 10 சதவீதம். படித்துவிட்டு, "சரிக்கா, குடுத்த வரைக்கும் போதும்" என்று மைக்ரோவேவ் மேல் வைத்துவிட்டான். அவன் மனைவி அப்போது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எனக்கு ஃபோன் போட்டு, "அக்கா, இவர் ராத்திரியில எப்படி இருக்கார்னு அவங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

யாரும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் நாங்கள் மூவரும் உட்கார்ந்து, மேலே கேட்பதா, கேட்டால் எந்த வழியில் என்று அலசினோம். தமிழில் இதை விளக்கிச் சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்க ராணுவத்தில் தமிழ்ப் பையனா என்று கேட்பவர்கள் உண்டு. 2009-ல் 'மாவ்னி' என்று ஒரு திட்டம் வந்தது. கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், சட்டப்படி அமெரிக்காவில் தங்கியிருந்து, ராணுவத்துக்குத் தேவையான மொழி ஒன்றைப் பேசுகிறவர்கள் சேரலாம், குடியுரிமையும் கிடைக்கும். அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. மலையாளம், சிங்களம் எல்லாம் இருந்தன. மாணவர் விசாவில் வந்த தம்பி அப்படித்தான் போனான். 2016-ல் புதிய ஆள் எடுப்பு நிற்பதற்குள் போனவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர். அவர்களில் சிலருடைய வீட்டிலும் இப்படி ஓர் உறை மேசைமேல் கிடக்கலாம்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு இது புரியவே ஒரு மாதம் ஆனது. விஏ மனநோய்க்கு மதிப்பெண் போடும்போது நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. பிடிஎஸ்டி, மனச்சோர்வு, பதற்ற நோய் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான் (உண்ணல் கோளாறுக்கு மட்டும் தனி). 0, 10, 30, 50, 70, 100 என்று ஆறு படிகள். இடையில் 40, 60 கிடையாது. ஒவ்வொரு படியும் கேட்பது ஒன்றையே: இந்த நோயால் இவருடைய வேலையும் உறவுகளும் எவ்வளவு கெட்டிருக்கின்றன?

30 என்றால், பெரும்பாலும் சமாளிக்கிறார், அவ்வப்போது மட்டும் வேலையில் தடுமாறுகிறார் என்று அர்த்தம். தூக்கக் கோளாறு, வாரத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ வரும் பீதித் தாக்குதல், லேசான மறதி இதில் வரும். 50 என்றால் வேலையில் நம்பகம் குறைந்துவிட்டது, உறவுகளை ஏற்படுத்துவதும் காப்பாற்றுவதும் கஷ்டமாகிவிட்டது. 70 என்றால் வேலை, குடும்பம், முடிவெடுப்பது, சிந்தனை, மனநிலை என்று பெரும்பாலான பக்கங்களில் குறை. தற்கொலை எண்ணம், அன்றாடத்தைக் கெடுக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், கட்டுக்கடங்காத கோபம் இந்தப் படியில் எழுதப்பட்டிருக்கின்றன. 100 என்பது வேலையும் உறவும் முழுமையாக அற்றுப்போன நிலை.

இந்த அறிகுறிகள் வெறும் எடுத்துக்காட்டுகள்தான், எல்லாமே இருக்க வேண்டும் என்பதில்லை என்று 2002-ல் மௌர்ஹன் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017-ல் பேங்க்ஹெட் வழக்கில் இன்னொன்றும் தெளிவானது. செயலில் இறங்கும் திட்டம் இல்லாமல், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு மட்டும் வந்துபோனாலும் அது 70-க்கான அறிகுறிதான். தம்பியின் மனைவி இதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். (உங்கள் வீட்டில் இப்போது யாராவது அந்த நிலையில் இருந்தால் இந்தக் கட்டுரை காத்திருக்கட்டும். 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். வெட்டரன்களுக்கான, அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான, அவசர உதவி எண், எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.)

படிக்குப் படி பணமும் நிறைய மாறுகிறது. 2025-ன் கணக்குப்படி தனி ஆளுக்கு மாதம் 30 சதவீதத்துக்கு 537.42 டாலர், 50-க்கு 1,102.04, 70-க்கு 1,759.19, 100-க்கு 3,831.30. மனைவி, பிள்ளைகள் இருந்தால் 30-லிருந்தே கொஞ்சம் கூடும். சதவீதங்களை நேராகக் கூட்ட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 30 போக மீதமிருக்கும் 70-ல் பத்து சதவீதம் 7. ஆக 37, அதை 40 என்று முழுமையாக்குவார்கள். தம்பிக்கு அப்படித்தான் 40 கிடைத்தது.

சரி, வழிகளுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மூன்று பாதைகள்: சப்ளிமென்டல் கிளெய்ம், ஹையர் லெவல் ரிவ்யூ, போர்டு அப்பீல். இவை தவிர, நோய் முற்றிவிட்டது என்று புதிதாகக் கேட்பது நான்காவது. எது சீக்கிரம், எதில் ஜெயிப்பவர்கள் அதிகம் என்றுதான் முதலில் எல்லோரும் கேட்கிறார்கள், நாங்களும் கேட்டோம். அது தவறான தொடக்கம் என்று இப்போது நினைக்கிறேன். மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதுதான் முதல் கேள்வி. கையில் இருந்த காகிதங்களைத் தவறாக எடைபோட்டார்களா? முக்கியமான காகிதம் அவர்கள் கைக்கே போகவில்லையா? இல்லை, தீர்ப்பு அன்றைக்குச் சரிதான், நிலைமை பிறகு மோசமானதா? பாதையை முடிவுசெய்வது இந்தப் பதில்தான்.

பதில் தீர்ப்புக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தெந்த ஆதாரங்களைப் பார்த்தோம் என்று ஒரு பட்டியல், உங்களுக்குச் சாதகமாக எவற்றை ஏற்றுக்கொண்டோம் என்று இன்னொன்று, அடுத்த படி கிடைக்க என்ன இருந்திருக்க வேண்டும் என்று ஒரு பத்தி. அதோடு விஏ ஏற்பாடு செய்த பரிசோதனையின் அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். சி அண்ட் பி எக்ஸாம் என்பார்கள். அதன் முக்கியமான இடத்தில், நோய் வேலையையும் உறவையும் எவ்வளவு பாதிக்கிறது என்று மருத்துவர் ஒரே ஒரு பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். 30-க்கான பெட்டியில் டிக் இருந்தது.

அறிக்கையைப் படித்தபோது மருத்துவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டிருக்கிறார், "பரவாயில்லை" என்றிருக்கிறான். மனைவியோடு உறவு எப்படி என்றதற்கு "நல்லாப் போகுது". கோபம் வருமா என்றதற்கு "எல்லாருக்கும் வர்றதுதான்". வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று வளர்த்தோம், ராணுவம் அதன்மேல் இன்னொரு பூட்டைப் போட்டது. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் போய் நிமிர்ந்து உட்கார்ந்து அப்படிப் பதில் சொன்னவனைப் பார்த்து வேறு யார்தான் என்ன எழுதுவார்கள்?

ஹையர் லெவல் ரிவ்யூ எங்களுக்கு முதலில் கவர்ச்சியாக இருந்தது. அனுபவம் மிக்க வேறொரு அதிகாரி முழுக் கோப்பையும் புதிதாகப் படிப்பார். நாம் விரும்பினால் ஒரு முறை ஃபோனில் பேசி, தவறு எங்கே என்று சுட்டிக்காட்டலாம். சராசரியாக 125 நாளில் முடிப்பது விஏ-வின் இலக்கு. ஆனால் புதிய ஆதாரம் ஒரு தாள்கூடக் கொடுக்க முடியாது. தீர்ப்பு வந்த அன்று கோப்பில் என்ன இருந்ததோ அதுதான். கோப்பிலேயே தற்கொலை எண்ணம் பற்றிய குறிப்பு இருந்து, தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் இதுதான் சரியான வழி. மருத்துவர் 50-க்கான பெட்டியில் டிக் அடித்திருக்க, தீர்ப்பில் 30 என்று இருந்தாலும் இதுதான். சேகரிக்க வேண்டிய ஆதாரத்தைச் சேகரிக்காமல் விட்டிருந்தால் அதைச் சரிசெய்யத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அந்த அதிகாரிக்கு உண்டு. தம்பியின் கோப்பில் இருந்ததோ அந்த "பரவாயில்லை" மட்டும்தான். அதை எத்தனை பெரிய அதிகாரி படித்தாலும் 30-தான் வரும்.

போர்டு அப்பீலில் வாஷிங்டனில் இருக்கும் நீதிபதி ஒருவர் பார்ப்பார். அதற்குள்ளேயே மூன்று வரிசை: இருப்பதை மட்டும் பார்க்கச் சொல்வது, 90 நாளுக்குள் புது ஆதாரம் கொடுப்பது, நீதிபதியிடம் வீடியோவிலோ நேரிலோ பேசுவது. முதல் வரிசைக்கே 365 நாள் இலக்கு, மற்ற இரண்டும் அதைவிட நீளும். சட்டத்தை எப்படிப் பொருள் கொள்வது என்பதில் தகராறு இருந்தாலோ, மற்ற இரண்டு பாதையும் போய்ப் பார்த்துத் தோற்றிருந்தாலோ இது வேண்டும். முதல் தீர்ப்பு வந்த கையோடு இங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மனநோயோடு இருப்பவரை வருஷக்கணக்கில் காக்க வைப்பதும் ஒரு செலவுதான்.

புதிதாக 'இன்க்ரீஸ்' கேட்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. பழைய தீர்ப்பு வந்து ஓராண்டு தாண்டிவிட்டது, நோயும் முற்றியிருக்கிறது என்றால் அதுவே பொருத்தம். பணம் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்காகும். அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் நோய் முற்றியது ஆதாரத்தில் தெரிந்தால் அந்தத் தேதிவரை பின்னோக்கிப் போகலாம். காகிதம் சேர்க்க நேரம் வேண்டுமானால் 'இன்டென்ட் டு ஃபைல்' படிவம் 21-0966 கொடுத்துத் தேதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். ஆனால் தீர்ப்பு வந்து ஓராண்டு ஆகாதபோது இதைத் தேர்ந்தெடுத்தால் முதல் விண்ணப்பத் தேதி கையைவிட்டுப் போக வாய்ப்பிருக்கிறது. தம்பிக்கு அது ஏழு, எட்டு மாதப் பணம்.

இன்னொரு பயமும் எல்லோருக்கும் உண்டு: கேட்கப் போய் இருப்பதையும் குறைத்துவிட்டால்? நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். புதிய பரிசோதனையில் நோய் குறைந்திருப்பதாகத் தெரிந்தால் குறைக்க முன்மொழியலாம். ஆனால் கொடுத்துக்கொண்டிருக்கும் பணத்தைக் குறைப்பதற்கு முன்னால் கடிதம் அனுப்ப வேண்டும். பதில் ஆதாரம் கொடுக்க 60 நாள், விசாரணை கேட்க 30 நாள் உண்டு. ஐந்து ஆண்டு அதே அளவில் நீடித்த மதிப்பெண்ணை ஒரே ஒரு பரிசோதனையை வைத்துக் குறைப்பது கடினம். 20 ஆண்டு நீடித்ததை, மோசடி இருந்தால் ஒழிய, அதற்குக் கீழே இறக்க முடியாது. சிகிச்சை நன்றாகப் பலித்து, வேலையும் வீடும் உண்மையிலேயே சீராகி வருகிறவர்கள் இந்த ஆபத்தைக் கட்டாயம் எடைபோட வேண்டும். தம்பி விஷயத்தில் அந்தப் பக்கத் தட்டில் வைக்க ஒன்றுமே இல்லை.

மீதமிருந்தது சப்ளிமென்டல் கிளெய்ம், படிவம் 20-0995. முன்பு கோப்பில் இல்லாத, விஷயத்துக்குப் பொருத்தமான ஆதாரம் ஒன்றாவது வேண்டும். இதற்குக் கடைசி நாள் என்று கிடையாது. ஆனால் தீர்ப்பு வந்த ஓராண்டுக்குள் கொடுத்தால் பழைய விண்ணப்பத் தேதி காப்பாற்றப்படும். தோற்றாலும் இன்னும் புதிய ஆதாரத்தோடு திரும்பக் கொடுக்கலாம். தேவைப்பட்டால் விஏ புதிய பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யும்.

எங்களிடம் புது ஆதாரம் இருந்தது, அது ஆதாரம் என்று தெரியாமலே இருந்தோம். தம்பி ஒன்றரை வருஷமாக ஒரு வெட் சென்டரில், அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான ஆலோசனை மையத்தில், ஆலோசகரிடம் பேசிவந்தான். வெட் சென்டர்களும் விஏ-வைச் சேர்ந்தவைதான், ஆனால் அங்கே பேசுவது தனிக் கோப்பில் ரகசியமாக இருக்கும். வெட்டரன் அனுமதிக்காமல் மற்ற இடத்துக்குப் போகாது. அந்த நம்பிக்கையால்தான் அவன் அங்கே வாயைத் திறந்தான். இந்த ரகசியம் இருப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதனாலேயே, அவன் உண்மையைச் சொன்ன ஒரே இடத்தின் குறிப்புகள் கோப்பில் இல்லாமல் போயின. கேட்பதா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தான். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவனே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தான்.

இரண்டாவது, அவன் மனைவி எழுதிய வாக்குமூலம். படிவம் 21-10210. கூட இருப்பவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்ல மருத்துவப் படிப்பு வேண்டாம். முதலில் "மிகவும் சிரமப்படுகிறார், தயவுசெய்து உதவுங்கள்" என்று எழுதியிருந்தாள். அதைக் கிழித்துவிட்டு, கண்ட காட்சிகளை மட்டும் தேதியோடு எழுதச் சொன்னேன். ராத்திரி படுக்கப் போகுமுன் வாசல் கதவையும் கராஜ் கதவையும் நாலைந்து தடவை போய் ஆட்டிப் பார்ப்பது, பாதித் தூக்கத்தில் எழுந்து மறுபடி பார்ப்பது. ஜூலை 4 வாணவேடிக்கை அன்று குளியலறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது. கோயில் விசேஷத்துக்குப் போய், பார்க்கிங்கிலேயே காரில் இருந்துவிட்டுத் திரும்பியது. மூன்று வருஷத்தில் இரண்டு வேலை போனது, அதில் ஒன்று மேலாளரிடம் கத்தியதால். எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் எறிந்து, குழந்தை அழுததைப் பார்த்துத் தானும் அழுதது. அளவுகோலின் சொற்களை அவள் எங்கேயும் பயன்படுத்தவில்லை, நானும் விடவில்லை. இல்லாததைச் சேர்க்கவும் இல்லை. பொய் சொன்னால் குற்றம் என்பது ஒரு பக்கம். நாளை அவனுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் படிக்கப்போகும் கோப்பும் அதுதானே.

வேறு இரண்டு யோசனைகளும் வந்தன. மனச்சோர்வுக்குத் தனியாக இன்னொரு மதிப்பெண் கேட்கலாமா என்றார் ஒருவர். முடியாது, மனநோய்கள் எத்தனை இருந்தாலும் ஒரே அறிகுறிக்கு இரண்டு முறை பணம் கிடையாது, சேர்த்து ஒன்றாகத்தான் போடுவார்கள். பிடிஎஸ்டி-யால் வந்த அல்லது மோசமான உடல்நோயைத் தனியாகக் கேட்பது வேறு. ஒற்றைத் தலைவலி, வயிற்று எரிச்சல் போன்றவை. தொடர்பை மருத்துவர் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். தம்பிக்குத் தலைவலி உண்டு, அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று வைத்துவிட்டோம்.

யாரை வைத்துச் செய்வது என்பதில் கொஞ்சம் சறுக்கப் பார்த்தோம். ஒரு நிறுவனம் தம்பியை அழைத்து, 100 வாங்கித் தருகிறோம், உயரும் மாதத் தொகையில் ஐந்து மடங்கு கொடுத்தால் போதும் என்றது. விஏ-வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். அங்கீகாரம் இல்லாதவர்கள் கிளெய்ம் தயாரிக்க உதவுவதே சட்டத்துக்குப் புறம்பு. யாருக்கு அங்கீகாரம் உண்டு என்று விஏ-வின் சட்டப் பிரிவு வைத்திருக்கும் தேடுதளத்தில் எவரும் பார்க்கலாம். டிஏவி, அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் ஒரு காசு வாங்குவதில்லை. பல கவுன்ட்டிகளிலும் அப்படி ஓர் அலுவலர் உண்டு. அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர் முதல் தீர்ப்பு வந்த பிறகுதான் கட்டணம் வாங்க முடியும். சேர்ந்த நிலுவையில் 20 சதவீதம் வரை நியாயமானது என்பது விதி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நியாயமற்றது. போர்டுக்கும் அதற்கு மேல் 120 நாளுக்குள் நீதிமன்றத்துக்கும் போகிறவர்களுக்கு வழக்கறிஞர் இருப்பது நல்லது. சப்ளிமென்டலுக்கு ஆதாரம் கையில் இருந்தால் இலவசப் பிரதிநிதியே போதும் என்பது என் எண்ணம். எங்களுக்கு அமைந்தவர் வியட்நாம் போருக்குப் போய்வந்த தாத்தா, ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார்.

ஜூனில் கொடுத்தோம். ஆகஸ்ட்டில் மறுபடி பரிசோதனை. "நல்ல நாளைச் சொல்லாதே, மோசமான நாளையும் கூட்டிச் சொல்லாதே. ஒரு மாதத்தில் எத்தனை நாள் எப்படி என்று சொல்" என்று அந்தத் தாத்தா சொல்லி அனுப்பினார். தம்பி மனைவியைக் கூடவே அழைத்துக்கொண்டு போனான். தீபாவளிக்கு முன் தீர்ப்பு வந்தது: 70 சதவீதம், முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து. காது இரைச்சலின் 10-ஐச் சேர்த்தாலும் 73, அது 70 ஆகவே நிற்கிறது.

இப்போது வீட்டில் அடுத்த ஒப்பீடு ஓடுகிறது. ஒரே நோய்க்கு 60-ஐத் தாண்டிவிட்டதால் டிடிஐயு கேட்கலாம், படிவம் 21-8940. நோயால் வயிறு வளர்க்கும் வேலை எதிலும் நிலைக்க முடியவில்லை என்றால், மதிப்பெண் 70 ஆகவே இருந்தாலும் 100-க்கான பணம் தருவார்கள். மனநோய்க்கு நேராக 100 வாங்குவதைவிட இது பலருக்கு எட்டக்கூடியது. நேரான 100-க்கு உறவுகளும் முழுக்க அற்றிருக்க வேண்டும், இதற்கு வேலை மட்டும்தான் கேள்வி. வறுமைக்கோட்டுக்குக் கீழான சிறு வருமானமோ, சொந்தக்காரர் கடையில் சலுகையோடு கிடைக்கும் வேலையோ இதற்குத் தடையில்லை.

தம்பி இப்போது என் கணவரின் நண்பர் கடையில் காலை நேரம் மட்டும் சரக்கு அடுக்குகிறான். கூட்டம் வரும் முன்னே கிளம்பிவிடலாம் என்று அவருடன் பேச்சு. சட்டப்படி பார்த்தால் டிடிஐயு-வுக்கு வாய்ப்பிருக்கிறது என்று நான் நினைக்கிறேன், அவன் மனைவியும் அப்படித்தான். அவனோ, "வேலை செய்ய முடியாதவன்னு நானே எழுதிக் குடுக்கணுமாக்கா?" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த 70 சதவீதத் தீர்ப்பு வந்ததிலிருந்து ஓராண்டுக் கெடு அடுத்த ஐப்பசியில் முடிகிறது. காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம், வாரம் ஒரு முறை அவன் வெட் சென்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.